‘சொல்லியாச்சு’ என்று ஒரு டிக்

போன வாரம் பெரியவளை, கையில் போனோடு அலுவலக மாடிப்படியில் உட்கார வைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், ஒரு வாரமாக அங்கேயே இருக்கிறாள். எழுப்பிக் கூட்டிப்போக வேண்டும்.

விட்ட இடம் நினைவில்லாதவர்களுக்கு: பெரிய ஆஸ்பத்திரியின் காதுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த எழுத்தர் ஒருவர் காத்திருப்போர் பட்டியலைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். ஏழு மாதமாக வராத ஒரு நான்கு வயதுக் குழந்தையின் பெயரை அடிப்பதற்கு முன், எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று குழந்தைகள் ஒருங்கிணைப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டார். புதியவர்கள்தான் இப்படியெல்லாம் கேட்பார்கள், பழகிவிட்டால் அடித்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். போனை எடுத்தவள் அந்த அலுவலகத்துக்கே தலைவியான பெரியவள். குழந்தையின் பெயரைக் கேட்டதும் அப்படியே படியில் உட்கார்ந்தாள். அது அவளுடைய தங்கை மகள். வீட்டில் எல்லோருக்கும் பட்டாணி.

பட்டாணிக்கு இரண்டு காதும் சரியாகக் கேட்கவில்லை. அது ஏழு மாதத்துக்கு முன்பே பள்ளியில் நடந்த சோதனையில் தெரிந்துவிட்டது. தெரியவேண்டிய எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, பெற்றவளைத் தவிர.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஒரு இடம் காலியாக இருக்கிறது என்றார் எழுத்தர். இன்று நான்கு மணிக்குள் பெற்றோர் கையெழுத்துப் போட்ட படிவம் வந்தால் அந்த இடம் குழந்தைக்கு. வராவிட்டால் அடுத்த முறை ஐந்து மாதம் கழித்துத்தான். பேச்சு வருகிற வயதில் ஏழோடு ஐந்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்று பெரியவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதைப் பற்றி அவளே வகுப்பு எடுக்கிறவள்.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். பெரியவளுக்குச் சதையும் ஆடவில்லை. அழுகை வருமா என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். வரவில்லை. சேலையைத் தட்டிவிட்டு எழுந்து மாடிக்குப் போனாள். அன்று செவ்வாய்க்கிழமை, மேசைக் கூட்டம் இருந்தது.

* * *

அந்த மேசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

குழந்தை ஒன்றுதான், அதற்காகக் கவலைப்படும் அலுவலகங்கள் மூன்று. தடுப்பூசி, எடை, கண், காது எல்லாம் கிளினிக் நர்ஸின் பொறுப்பு. பேச்சும் விளையாட்டும் மழலையர் பள்ளி டீச்சரின் பொறுப்பு. வீட்டில் அடுப்பு எரிகிறதா, அம்மா தூங்குகிறாளா, அப்பா வேலைக்குப் போகிறாரா என்று நேரில் போய்ப் பார்த்து, வேண்டிய உதவிக்கு வழி சொல்வது இன்னொருவர். நாள் முழுக்க நடப்பதால் அவருக்கு நடையக்கா என்று பெயர். இந்த மூன்று பேரையும் வாரம் ஒருமுறை ஒரே மேசையில் உட்கார வைப்பதுதான் பெரியவளின் உத்தியோகம்.

ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நீலக் கோப்பு. அட்டையில் மூன்று கட்டங்கள்: உடம்பு பார்த்தாச்சு, பள்ளிக்குத் தெரியும், வீட்டில் சொல்லியாச்சு. மூன்றிலும் டிக் விழுந்தால் கோப்பு இடது தட்டிலிருந்து வலது தட்டுக்குப் போகும். இந்த ஏற்பாட்டைப் பார்க்க வெளியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள். பிள்ளையை மூன்று பேர் தனித்தனியாகப் பார்த்தால் பிள்ளை மூன்று துண்டாகிவிடும் என்று பெரியவள் அவர்களுக்கு எடுத்துச் சொன்னாள். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதை இதுதான்.

அவளே எழுதி வைத்த விதி ஒன்று உண்டு. மேசையில் இருப்பவரின் சொந்தக்காரக் குழந்தை கோப்பு வந்தால், அவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். அதைப் பற்றி அவரிடம் யாரும் பேசவும் கூடாது. முன்பு ஒருவர் தன் அண்ணன் பையனை வரிசையில் முன்னால் தள்ளிவிட்டதால் வந்த விதி. நல்ல விதிதான். பட்டாணியின் கோப்பு வந்த அன்று பெரியவள் விறுக்கென்று எழுந்து போய் எல்லோருக்கும் டீ போட்டாள். திரும்பி வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் இருந்ததில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

உள்ளே நடந்ததை இன்றைக்கு மூன்று பேரும் சொன்னார்கள். இரண்டு காதிலும் குறை, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதியாகிவிட்டது என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். கூப்பிட்டால் திரும்பாதது அதனால்தானா என்று டீச்சர் தலையாட்டியிருக்கிறார். வீட்டில் யார் சொல்வது என்ற பேச்சு வந்தபோது யாரோ ஒருவர், பெரியம்மாதான் இங்கேயே இருக்கிறாரே, சாயங்காலம் போய்ச் சொல்லிவிட மாட்டாரா என்றிருக்கிறார். அந்த யாரோ யார் என்பதில் இப்போது மூன்று விதமான நினைவுகள். கட்டத்தில் டிக் போட்டது நடையக்கா.

பெரியம்மா சொல்லிவிடுவார் என்று மூன்று பேரும் நம்பினார்கள். பெரியம்மாவிடம் சொல்லக்கூடாது என்று விதி. இரண்டையும் ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறார்கள்.

நடையக்கா அழுதார். நாற்பது வீட்டுப் படி ஏறி இறங்குகிற மனுஷி, ஒரு வீட்டுக்குப் போகவில்லை. பெரியவள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள், தோளைத் தட்டினாள், பரவாயில்லை என்றுகூடச் சொன்னாள். தான் சொல்வது தனக்கே எங்கிருந்தோ கேட்பது மாதிரி இருந்தது.

அவர்கள் போன பிறகு இழுப்பறையைத் திறந்தாள். வலது தட்டுக்குப் போன கோப்புகளுக்கு மாதக் கடைசியில் ஒரு பட்டியல் அடிப்பார்கள். ஏழு மாதத்துக்கு முந்தைய பட்டியலில் நாற்பத்தோரு குழந்தைகள். இருபத்து மூன்றாவது பட்டாணி. அடியில், ‘அனைத்தும் சரிபார்க்கப்பட்டது’ என்ற வரிக்குக் கீழே அவளுடைய கையெழுத்து, கடைசி எழுத்தில் ஒரு சுழியோடு.

படித்துப் பார்க்காமல் போட்டிருக்கிறாள். அன்றைக்குப் படித்திருந்தால், வீட்டில் என்ன சொன்னார்கள் என்று அன்றைக்கே தங்கையைக் கேட்டிருப்பாள்.

பட்டியலை மடித்து உள்ளே வைத்து இழுப்பறையைச் சாத்தினாள். மறைக்க வேண்டும் என்று நினைத்தாளா என்றால், அந்த நேரத்தில் அவள் எதையும் நினைக்கவில்லை. ஆனாலும் மற்ற மூன்று பேரிடமும் அவள் அதைக் காட்டவில்லை.

* * *

படிவத்தை எடுத்துக்கொண்டு முதலில் தங்கையிடம்தான் போயிருக்க வேண்டும். கால் பள்ளிக்குப் போனது.

வாசலில் டீச்சர் பின்னாலேயே வந்து விளக்கம் சொன்னார். ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தாராம். பட்டாணியைக் கடைசி வரிசையில் உட்கார வைத்ததற்கும் காரணம் வைத்திருந்தார்.

“தொந்தரவே தராத பிள்ளைங்க. முப்பது வாலுங்க நடுவுல ஒண்ணு அமைதியா உக்காந்திருந்தா, அதையும் முன்னாடி கொண்டுவரணும்னு யாருக்குங்க தோணும்?”

பட்டாணி சன்னல் ஓரம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து மரமணிகளைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தாள். பெரியவள் நாலடி தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பெரியவளுக்கு எப்போதுமே தணிந்த குரல். அலுவலகத்தில் அதை மரியாதை என்பார்கள். இரண்டாவது தடவையும் கூப்பிட்டாள். குழந்தை அடுத்த மணியை எடுத்தது.

இந்தக் குழந்தைக்குப் பெரியம்மாவைக் கண்டால் ஆகாது என்பது குடும்பத்தில் இரண்டு வருஷத்து நகைச்சுவை. உன் மூஞ்சியைப் பார்த்தாலே ஆபீஸ் ஞாபகம் வருதுக்கா, அதான் ஓடுறா என்று சின்னவள் கிண்டலடிப்பாள். பெரியவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் வருத்தப்படுவாள். பிள்ளையில்லாதவள் கூப்பிட்டால் பிள்ளைகூடத் திரும்பாது போலிருக்கிறது என்று ஒருநாள் நினைத்து, அப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் தங்கை வீட்டுக்குப் போவதையே குறைத்துவிட்டாள்.

சுற்றிப்போய் எதிரில் குந்தினாள். பட்டாணி நிமிர்ந்து பார்த்தாள், கண்ணை அல்ல, பெரியம்மாவின் உதட்டை. அது எப்போது அசையும் என்று காத்திருந்தாள். பெரியவள் ஒன்றும் சொல்லாததால், ஒரு சிவப்பு மணியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

இவ்வளவு கிட்டத்தில் முகம் பார்த்து வேலை செய்யத் தெரிந்தவள் பெரியவள். பிழைப்பே அதுதான். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. மணி இரண்டேகால் என்பது மட்டும் தோன்றியது.

* * *

சின்னவளுக்குச் சலவைக்கூடத்தில் வேலை. ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக விரிப்புகள் வரும். துவைக்கும் இயந்திரம், பிழியும் இயந்திரம், தேய்க்கும் உருளை எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும் இடம். ஆறு வருஷமாக அங்கே பேசிப் பேசிச் சின்னவளின் தொண்டை அகலமாகிவிட்டது. வீட்டில் உப்பு எடுத்துத் தரச் சொன்னாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும். அந்தத் தொண்டைக்குத்தான் பட்டாணி திரும்பிக்கொண்டிருந்திருக்கிறாள். திரும்பினதால்தான் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இரண்டு பேர் எதிரெதிரே நின்று விரிப்பைப் பிடித்து மடிக்க வேண்டும். சின்னவளோடு மடிக்கிறவள் டீ குடிக்கப் போயிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் சின்னவள், வந்ததுதான் வந்தே, இந்த முனையைப் பிடி என்று நீட்டினாள். பெரியவள் பிடித்தாள்.

மெதுவாக, நல்ல வார்த்தையாகப் பார்த்து, பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ பேருக்கு அவள் பயிற்சி கொடுத்திருக்கிறாள். உட்கார அங்கே இடமில்லை. மெதுவாகச் சொன்னால் கேட்காது. ஒரு விரிப்பு அகலம் தள்ளி நின்றுகொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தினாள்.

“பட்டாணிக்குக் காது சரியாக் கேக்கலைடி. ரெண்டு காதும்.”

பக்கத்து உருளையில் நின்ற மூன்று பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சின்னவள் தன் பக்கத்து முனைகளைச் சேர்த்தாள். நடந்து வந்து அக்கா கையிலிருந்த முனைகளையும் வாங்கிச் சேர்த்தாள். மடித்து அடுக்கில் வைத்துவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தாள். பெரியவளும் பிடித்தாள். இப்படியே நாலு விரிப்பு மடிப்பதற்குள் விஷயம் முழுவதும் சொல்லியாகிவிட்டது: சோதனை, கடிதம், டிக், வியாழக்கிழமை, நாலு மணி. பட்டியலைத் தவிர எல்லாம்.

எத்தனை மாதம் என்று மட்டும் சின்னவள் கேட்டாள். ஏழு என்றாள் அக்கா.

ஐந்தாவது விரிப்பைச் சின்னவள் விரிக்கவில்லை. மாரோடு சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பக்கத்துல நின்னு கத்தினா திரும்புவா. அடுப்படியிலேர்ந்து கூப்பிட்டா திரும்ப மாட்டா. வேணும்னே பண்றா, திமிருன்னு நினைச்சேன்க்கா. போன வாரங்கூட முதுகுல ரெண்டு வெச்சேன். அழுதுக்கிட்டே என்னைப் பார்த்தா. எதுக்கு அடிச்சேன்னு அவளுக்குத் தெரியலை.”

படிவத்தையும் பேனாவையும் எடுத்திருந்த கையைப் பெரியவள் அவள் தோளுக்கு நீட்டினாள். சின்னவள் அந்தக் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள். விரிப்பு அடுக்கின் மேல் படிவத்தை வைத்து, எங்கே என்று கேட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். நாலு வரி படித்திருக்கலாம். அக்கா காட்டிய இடம் என்பதால் படிக்கவில்லை.

“உனக்கு எப்ப தெரியும்?”

“இன்னைக்குக் காலையில.”

அது உண்மைதான். பொய் சொல்லவில்லை என்று பெரியவள் தெருமுனை வரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

* * *

மூன்று நாற்பதுக்குப் படிவம் எழுத்தர் மேசையில் இருந்தது. எழுத்தர் சிரித்த முகக்காரர். வியாழக்கிழமைக்குப் பட்டாணியின் பெயரை எழுதி இரண்டு கோடு போட்டார். கூடவே இன்னொரு தாளையும் கொடுத்து, அதை வீட்டில் நிரப்பிக் கொண்டுவரச் சொன்னார். பெரியவள் கிளம்பும்போது ஒரு விஷயம் மறந்துவிட்டது என்று கூப்பிட்டார்.

“உங்க ஆபீஸ் மாசப் பட்டியல் இருக்கும் பாருங்கம்மா, கோப்பை முடிச்ச மாசத்தோடது, அதுல ஒரு நகல் வேணும். ஏன் இவ்வளவு தாமதம்னு காரணம் எழுதணும். வியாழக்கிழமை டாக்டர் அதைக் குழந்தையோட அம்மாவுக்குப் படிச்சுக் காட்டிட்டுத்தான் ஆரம்பிப்பாரு. அதான் இங்க முறை.”

நல்ல முறை என்றாள் பெரியவள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பல கூட்டங்களில் கேட்டு வாங்கியவளே அவள்தான்.

* * *

சின்னவளின் வீட்டுக்காரர் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுகிறவர். ஆறு மணிக்கு வேனை நிறுத்திவிட்டு உள்ளே வரும்போதே ஏதாவது ஒரு நையாண்டியோடுதான் வருவார். இன்று கூடத்தில் பெரியவள் உட்கார்ந்திருப்பதையும், மனைவி விளக்கைப் போடாமல் இருப்பதையும் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றாமலே நின்றார்.

அவரிடம் சொல்ல வேண்டியதும் பெரியவளே. சின்னவள் தனக்கு வாய் வராது என்றுவிட்டாள். கேட்டு முடித்ததும் அவர் கோபப்படுவார் என்று பெரியவள் தயாராக இருந்தாள். அவர் கேட்டது வேறு.

“காது மட்டும்தானாக்கா? புத்தியில ஒண்ணும் இல்லையே?”

இல்லை என்றாள்.

மனுஷர் சுவரோரம் சரிந்து தரையில் உட்கார்ந்தார். சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். ஒரு வருஷமாக அந்தப் பயத்தை வேனிலேயே வைத்து ஓட்டிக்கொண்டிருந்தாராம். வீட்டில் சொன்னால் இவள் உடைந்துபோவாள் என்று சொல்லவில்லையாம். சின்னவள் அவரையே பார்த்தாள். அவளும் அதே பயத்தை அவரிடம் சொல்லாமல் வைத்திருந்தவள்தான். அதை இப்போதும் சொல்லவில்லை.

காதில் கருவி வைத்தால் கேட்குமா என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். வாய்ப்பு இருக்கிறது, பார்த்துத்தான் சொல்வார்கள் என்று பெரியவளும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் பட்டாணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வேனைக் காட்டப் போனார். காலையில் பார்த்த வேன்தான்.

அக்காவும் தங்கையும் மட்டும் இருந்தார்கள். சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் வராது என்று பெரியவளுக்குத் தெரிந்தது. வியாழக்கிழமை டாக்டர் வாயால் கேட்பதைவிட இன்று அக்கா வாயால் கேட்பது மேல். இதுவும் அவள் பயிற்சி வகுப்பில் சொல்கிற பாடம். வாயைத் திறந்தாள்.

சின்னவள் முந்திக்கொண்டாள்.

“வியாழக்கிழமை நீ கூட வரணும்க்கா. அவங்க பேசறது எனக்குப் புரியாது. அந்த மூணு பேரையும் நான் வாசப்படி ஏத்த மாட்டேன், யாரு வந்து அழுதாலும் சரி. நீ மட்டும் அன்னைக்கு அந்த ரூம்ல இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமா? ஒரு தாள்ல பட்டாணி பேரு உன் கண்ணுல பட்டிருந்தா விட்டிருப்பியா நீ?”

பெரியவளுக்குக் காலையிலிருந்து வராதது அப்போது வந்தது. நெஞ்சுக்குள் எங்கேயோ சுருக்கென்று குத்தியது. மரத்துப்போன கால் திரும்ப உயிர் பெறும்போது குத்துமே, அந்தக் குத்து.

“விட்டிருக்க மாட்டேன்” என்றாள்.

சின்னவள் தலையாட்டினாள். எழுத்தர் கொடுத்தனுப்பிய தாளை எடுத்து மடியில் வைத்து நிரப்பத் தொடங்கினாள். குழந்தையைப் பற்றிய தகவல்களை யாரிடம் சொல்ல வேண்டும் என்று அதில் ஒரு கேள்வி. தாய், தந்தை என்ற இரண்டு கட்டத்தையும் விட்டுவிட்டு, மற்றவர் என்ற இடத்தில் அக்காவின் பெயரை முழுசாக எழுதினாள். எழுதிவிட்டுத் தாளைத் திருப்பி நீட்டினாள்.

“எதுன்னாலும் உன்கிட்ட மட்டும் சொன்னா போதும்னு எழுதிட்டேன். சம்மதம்னு கீழ நீ போடணுமாம்.”

பெரியவள் பேனாவை வாங்கினாள். இந்தத் தடவை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். தாமதத்தின் காரணத்தை வியாழக்கிழமை டாக்டர் படித்துக் காட்டுவதும் இனி அவளுக்கு மட்டும்தான். படித்து முடித்த பிறகும் பேனாவை வைக்க ஒரு காரணம் கிடைக்கவில்லை. போட்டாள்.

சின்னவள் தாளை வாங்கிப் பார்த்தாள். நீளமாக மூச்சு விட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“இப்பத்தான்க்கா எனக்கு மூச்சே வருது.”